மீன் தொட்டி மர ஸ்டாண்டு: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

வீட்டிலேயே செய்த மர ஸ்டாண்டில் பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கானது இது. 4 அடி நீளத் தொட்டியைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டுள்ளது. 3 அடித் தொட்டிக்கு இதே சோதனைகள் போதும். 5, 6 அடி என்றால் கீழே சொல்லும் வரம்புகளை இன்னும் இறுக்கமாகப் பிடியுங்கள்.

எடையை முதலில் மனதில் வையுங்கள். 4×1.5×1.5 அடித் தொட்டி 10 மி.மீ. கண்ணாடியில் செய்திருந்தால் கண்ணாடி மட்டும் 50 கிலோவுக்கு மேல். இரண்டு அங்குலம் குறைவாகத் தண்ணீர் விட்டு, இரண்டு அங்குலம் மணல் போட்டால் மொத்தம் 300 கிலோ அளவுக்கு வரும். 4×2×2 அடித் தொட்டி 12 மி.மீ. கண்ணாடியில் 540 கிலோ அளவுக்குப் போகும். இதில் கல், மரக்கட்டை, ஸ்டாண்டின் சொந்த எடை சேரவில்லை. ஏழெட்டு ஆட்கள் இரவும் பகலும் இறங்காமல் ஏறி நிற்பதற்குச் சமம்.

கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: எடை மரத்தின் மேல் உட்காராமல் ஸ்குரூவில் தொங்குகிறது. எந்த அறிகுறியைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

## இந்த நான்கில் ஒன்று தெரிந்தால் மேலே படிக்காதீர்கள், தண்ணீரை இறக்குங்கள்

- கண்ணாடியில் புதிதாக ஒரு கீறல், அது ஓரத்தைத் தொட்டு நிற்கிறது
- மூலையில் சிலிக்கான் கண்ணாடியைவிட்டு வெள்ளையாகப் பிரிந்து தெரிகிறது
- ஸ்டாண்டிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம், அதன் பிறகு ஏதாவது ஓர் இணைப்பில் புதிய இடைவெளி
- ஒரே நாளில் தண்ணீர் மட்டம் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கியிருக்கிறது

முதலில் ஹீட்டர், மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் சுவரிலுள்ள சுவிட்சில் அணையுங்கள். ஹீட்டர் சூடாக இருக்கும்போது தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். பிறகு ஒன்றுக்கு இரண்டு குழாய்களாகப் போட்டு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே தண்ணீரை இறக்குங்கள். இறக்கும் தண்ணீரிலேயே வாளிகளை நிரப்பி மீன்களை மாற்றி, ஏர் ஸ்டோன் போடுங்கள். தொட்டியைத் தள்ளிச் சரிசெய்யவோ, ஆப்பு அடிக்கவோ அந்த நேரத்தில் முயல வேண்டாம்.

## கையில் வேண்டியவை

2 அடி ரசமட்டம், பக்கவாட்டில் மி.மீ. கோடு போட்ட இரும்பு ஸ்கேல், கட்டுமான நூல், டார்ச், பென்சில், பழைய ஏ.டி.எம். கார்டு, ஸ்குரூ டிரைவர், டிஷ்யூ காகிதம். ரசமட்டத்தை நம்பும் முன் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதே இடத்தில் இடவலம் மாற்றி வைத்தாலும் குமிழ் அதே பக்கம் நிற்க வேண்டும். இல்லையென்றால் மட்டமே தவறு.

## அறிகுறி 1: தண்ணீர் கோடு சாய்ந்து தெரிகிறது

தண்ணீரே மிகச் சரியான மட்டம். தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர்ப் பரப்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். மோட்டாரை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து அளக்க வேண்டும்.

இப்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள்.

சாய்வா? முன்-இடது 52, முன்-வலது 55, பின்-இடது 52, பின்-வலது 55 மி.மீ. என்று வந்தால் தொட்டி ஒரு பலகை போல மொத்தமாகச் சாய்ந்திருக்கிறது. 4 அடிக்கு ஒரு நூல், அதாவது 3 மி.மீ. வரை விட்டுவிடலாம். இரண்டு நூல் வரை என்றால் அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் தள்ளிப்போடாதீர்கள்.

முறுக்கா? எதிரெதிர் மூலைகளைக் கூட்டுங்கள். முன்-இடதும் பின்-வலதும் ஒரு கூட்டல், முன்-வலதும் பின்-இடதும் இன்னொரு கூட்டல். இரண்டும் ஒன்றாக வந்தால் முறுக்கு இல்லை. 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு மூலை தனியாக இறங்கியோ ஏறியோ இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கண்ணாடி வெட்டிய விதத்திலேயே 1 மி.மீ. வித்தியாசம் இருக்கக்கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

சாய்வு பார்வைக்கு அசிங்கம், முறுக்குதான் கண்ணாடியை உடைக்கும். பலரும் சாய்வைப் பார்த்துப் பதறி, முறுக்கை அளக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

### காரணம் அ: தரையின் வாட்டம்

நம் வீடுகளில் கழுவும் தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார். வாசல் பக்கமோ குளியலறைப் பக்கமோ இறங்கும். ஸ்டாண்டின் கால்களுக்குப் பக்கத்தில் தரையிலேயே ரசமட்டம் வையுங்கள். தண்ணீர் கோடு சாயும் திசையும் தரை சாயும் திசையும் ஒன்று என்றால் மரத்தில் தவறில்லை.

காலுக்கு அடியில் பேக்கிங் கொடுக்க வேண்டும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒருபோதும் எதையும் சொருகக் கூடாது. அங்கே வைக்கும் ஒவ்வொரு துண்டும் கண்ணாடிக்கு ஓர் அழுத்தப் புள்ளி. பேக்கிங்குக்குச் சரியான பொருள் 1 மி.மீ. சன்மைக்கா துண்டு. காலின் அடி எவ்வளவு அகலமோ அதே அளவுக்கு வெட்டி, தேவைக்கு ஒன்றிரண்டாக அடுக்கலாம். அட்டை, காகித மடிப்பு, ரப்பர் செருப்புத் துண்டு எல்லாம் வேண்டாம். நனைந்தால் கரையும், எடையில் நசுங்கும், ஆறு மாதத்தில் பழைய நிலைக்கே வரும்.

ஒரு கால் மட்டும் தரையைத் தொடாமல் நின்றால் தூக்கவே வேண்டாம். தண்ணீரைக் கால்வாசிக்கு இறக்கி, கையால் தள்ளினால் போய் உட்காரும் அளவுக்குச் சன்மைக்காவைச் சொருகுங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றினால் அந்த மூலை தூக்கிக்கொள்ளும், முறுக்கை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

ஒரு முனையையே உயர்த்த வேண்டும் என்றால் தண்ணீரை அடியில் இரண்டு அங்குலம் வரை இறக்குங்கள். பலகை வைத்துக் கடப்பாரையால் அந்த முனையின் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் நெம்ப வேண்டும். ஒரு காலை மட்டும் நெம்பக் கூடாது. 4×2×2 தொட்டிக்கு இந்த வேலையே வேண்டாம். தொட்டியை முழுதாகக் காலிசெய்து, நான்கு பேர் சேர்ந்து இறக்கிவைத்துவிட்டு ஸ்டாண்டைத் தனியாகச் சரிசெய்யுங்கள்.

### காரணம் ஆ: டைல்ஸ் கீழே வெற்றிடம்

காலுக்கு அருகே டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. "டொக் டொக்" என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை. அந்த டைல்ஸ் எடையில் உடைந்து கால் இறங்கும். டைல்ஸைப் பெயர்த்து மறுபடி பதிப்பது நல்லது. முடியாவிட்டால் கால்களை இணைத்து அடியில் நீளச் சட்டம் ஓடவிட்டு எடையைப் பரப்புங்கள்.

### காரணம் இ: முதல் வாரத்து உட்காருதல்

புது ஸ்டாண்டு தண்ணீர் நிறைந்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில் இணைப்புகள் இறுகி 1 மி.மீ. வரை இறங்கும். அளவை எழுதி வைத்து வாரம் ஒருமுறை ஒப்பிடுங்கள். இறங்கி நின்றுவிட்டால் சரி. மூன்றாவது வாரமும் இறங்கிக்கொண்டே இருந்தால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

### காரணம் ஈ: ஸ்டாண்டின் மேல்பரப்பே முறுக்கு

தொட்டி மேலே இருக்கும்போது சந்தேகப்படத்தான் முடியும். தொட்டியின் அடிவிளிம்பைச் சுற்றி ஏ.டி.எம். கார்டைச் சொருகிப் பாருங்கள். எங்காவது தடையில்லாமல் உள்ளே போனால் அங்கே தொட்டி அந்தரத்தில் நிற்கிறது. உறுதிசெய்ய ஸ்டாண்டைக் காலிசெய்து, மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் ஒன்றையொன்று லேசாக உரச வேண்டும். ஒன்று மேலே விலகி நின்றால், இரண்டையும் மேல்கீழ் மாற்றிக் கட்டி மறுபடி பாருங்கள். முதலில் விலகி நின்றது இப்போது அழுத்தி வளைத்தால் முறுக்கு உறுதி. இழைப்புளி போட்டு உயர்ந்த மூலையைச் சமப்படுத்துவது தச்சர் ஒருவருக்கு ஒரு மணி நேர வேலை.

தெர்மாகோல் பற்றி ஒரு வார்த்தை. விளிம்புச் சட்டம் இல்லாமல் வெறும் கண்ணாடியாக ஒட்டிய தொட்டிக்கு அடியில் 10–12 மி.மீ. தெர்மாகோல் கட்டாயம். அது மணல் துகள், ஸ்குரூத் தலை, மைக்கா வீக்கம் போன்ற சின்ன மேடுகளை விழுங்கும். முறுக்கையும் தொய்வையும் விழுங்காது. அடியில் பிளாஸ்டிக் சட்டம் போட்டு வரும் தொட்டிகளுக்குத் தெர்மாகோல் வைக்கக் கூடாது. அவற்றின் எடை சட்டத்தில் மட்டும் இறங்க வேண்டும். தெர்மாகோல் நடுவில் உப்பி அடிக்கண்ணாடியை மேலே தள்ளும்.

## அறிகுறி 2: தொட்டால் ஆடுகிறது

மேல் மூலையில் இரண்டு விரல் வைத்து மெதுவாகத் தள்ளிவிட்டு எடுங்கள். தண்ணீர்ப் பரப்பைக் கவனியுங்கள்.

"டக் டக்" என்று இரண்டு நிலைக்கு நடுவே ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை. மேலே சொன்ன பேக்கிங் போதும்.

நீளவாக்கில் ஊஞ்சல் போல மெதுவாகப் போய் வந்தால் ஸ்டாண்டுக்குக் குறுக்குப் பிடிமானம் இல்லை. நான்கு கால், மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம் என்று செவ்வகமாகச் செய்துவிட்டால் இப்படித்தான் ஆகும். செவ்வகம் சாய்சதுரமாக மாறப் பார்க்கும், அதைத் தடுக்க ஸ்குரூக்களின் இறுக்கம் மட்டுமே இருக்கும். அந்த இறுக்கம் ஓராண்டு தாங்காது.

இதற்கு மிக மலிவான தீர்வு பின்பலகை. 12 மி.மீ. பிளைவுட்டை ஸ்டாண்டின் பின்பக்கம் முழுவதும் வைத்து, பசை தடவி, ஓரம் முழுக்க 15 செ.மீ.க்கு ஒரு ஸ்குரூ போடுங்கள். குழாய்க்கும் வயருக்கும் துளை வேண்டுமென்றால் மூலைகளைத் தொடாமல் நடுவில் போடுங்கள். பலகைக்கு இடமில்லை என்றால் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சாய்வுச் சட்டம் போதும்.

பொருத்தும் முன் தண்ணீரை இறக்கி, ஸ்டாண்டு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்த நிலையில் பலகையைப் பூட்டினால் சாய்வும் நிரந்தரமாகிவிடும். பின்பக்கத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் தெரியும். இரண்டும் சமம் என்றால் செவ்வகம் சரி.

முன்னும் பின்னும் ஆடினால் பக்கவாட்டுப் பலகைகள் இல்லை, அல்லது ஸ்டாண்டின் ஆழத்துக்கு உயரம் அதிகம். பக்கங்களுக்கும் அதே 12 மி.மீ. பலகை கொடுங்கள். உயரம் ஆழத்தைப் போல இரண்டு மடங்கை நெருங்கினால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மேல்சட்டத்தை எல்-கிளாம்பு வைத்துச் சுவரோடு பிடித்துவிடுங்கள். இதில் செலவு பார்க்காதீர்கள்.

## அறிகுறி 3: முன்சட்டம் நடுவில் தொய்ந்திருக்கிறது

இதுதான் மெதுவாக நடந்து திடீரென்று விலை கேட்கும் கோளாறு. மேல்சட்டத்தின் இரண்டு முனைகளிலும் ஒரே கனத்தில் சிறு துண்டுகளை வைத்து, அவற்றின் மேல் நூலை விறைப்பாக இழுங்கள். நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்து துண்டின் கனத்தைக் கழித்தால் வருவது தொய்வு. 4 அடிக்கு 1.5 மி.மீ. வரை பொறுக்கலாம். அதைத் தாண்டியதும் வேலையைத் திட்டமிடுங்கள். 3 மி.மீ.யைத் தாண்டினால் தொட்டியை இறக்குங்கள்.

நூல் பிடிக்க இடமில்லாத ஸ்டாண்டுகளில் கதவின் இடைவெளியே சொல்லிவிடும். அதை அறிகுறி 4-ல் பாருங்கள்.

முதலில் ஒரு பிரிவு. தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

தொய்வு குறைந்தால் சட்டம் வளைகிறது, உடையவில்லை. எடைக்கு அது போதவில்லை.

குறையவே இல்லையென்றால் மரம் அப்படியே படிந்துவிட்டது, அல்லது முனையில் இணைப்பு இறங்கியிருக்கிறது. முனைகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

### காரணம் அ: சட்டத்தைப் படுக்கப் போட்டிருக்கிறது

4×2 அங்குலச் சட்டத்தை 4 அங்குலம் நிமிர்ந்து நிற்கும்படி போட வேண்டும். தொட்டி உட்கார அகலமாக இருக்கட்டும் என்று படுக்கப் போட்டால் தொய்வு நான்கு மடங்கு. அடியில் இன்னொரு சட்டத்தை நிமிர்த்திப் பசையும் ஸ்குரூவும் போட்டு ஒட்டினால் சரியாகிவிடும். செலவு ஒரு சட்டம்தான்.

### காரணம் ஆ: எடை ஸ்குரூவில் தொங்குகிறது

ஸ்டாண்டுக்குள் டார்ச் அடித்து, மேல்சட்டமும் காலும் சேரும் இடத்தைக் கீழிருந்து பாருங்கள். சட்டத்தின் அடிப்பக்கம் காலின் தலையிலோ, காலில் வெட்டிய படியிலோ உட்கார்ந்திருக்கிறதா? அல்லது காலின் பக்கவாட்டில் ஒட்டி, நான்கு ஸ்குரூ மட்டும் பிடித்திருக்கிறதா?

இரண்டாவது என்றால் பென்சில் சோதனை செய்யுங்கள். சட்டத்திலிருந்து காலுக்கு, இணைப்பைக் கடந்து படுக்கையாக ஒரு கோடு இழுங்கள். ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள். கோடு ஒரே நேராக இருந்தால் இணைப்பு நிற்கிறது. சட்டத்தில் உள்ள பாதிக்கோடு கால்மில்லி கீழே இறங்கிப் படிக்கட்டு போல் உடைந்து தெரிந்தால் ஸ்குரூ மரத்தை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. இணைப்பு ஓரத்தில் பெயிண்ட் மெல்லிய கோடாக விரிந்திருப்பதும் இதே கதைதான்.

ஜிப்சம் வேலைக்கு வரும் கறுப்பு ஸ்குரூவை இந்த இடத்தில் போட்டிருந்தால் அவசரம் கூடுகிறது. அவை கெட்டியாக இருக்கும், ஆனால் வளையாது. குறுக்கு எடையில் எச்சரிக்கை இல்லாமல் தலை அறுந்துபோகும். ஈரத்தில் துருவும் சீக்கிரம் ஏறும்.

சரிசெய்ய ஸ்டாண்டைப் பிரிக்க வேண்டியதில்லை. தொட்டியைக் காலிசெய்து, ஒவ்வொரு மூலையிலும் காலின் உட்பக்கம் இன்னொரு உட்கால் கொடுங்கள். 3×2 அங்குலத் துண்டு போதும். அதன் தலை மேல்சட்டத்தின் அடியைத் தொட வேண்டும், அதன் பாதம் தரையைத் தொட வேண்டும். அடிப்பலகை மேல் நிறுத்தினால் பயனில்லை, பலகையில் உட்காரும் இடத்தை வெட்டிவிட்டு நேராகத் தரைக்கு இறக்குங்கள். பழைய காலோடு பசை தடவி 8 மி.மீ. போல்ட் இரண்டு போட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து இறுக்குங்கள். இப்போது சட்டத்திலிருந்து எடை மரம் வழியே நேரே தரைக்குப் போகிறது, ஸ்குரூவுக்கும் போல்ட்டுக்கும் பிடித்து நிறுத்தும் வேலை மட்டும்தான்.

### காரணம் இ: சட்டத்தின் ஆழம் போதவில்லை

4×2×2 தொட்டியின் பாதி எடையை முன்சட்டம் சுமக்கிறது. பைன் போன்ற மென்மரத்தில் 3×1.5 அங்குலச் சட்டம் நடுக்கால் இல்லாமல் 4 அடிக்கு ஓடினால் சுமார் 5 மி.மீ. தொய்யும். முழு 4×2 என்றால் ஒன்றரை மி.மீ., 5×2 என்றால் முக்கால் மி.மீ. அளவு. இவையெல்லாம் முதல் நாள் கணக்கு. மரம் தொடர்ந்த எடையில் மாதக்கணக்கில் இன்னும் இறங்கும். கடையில் 4×2 என்று கேட்டு வாங்கியது இழைத்த பிறகு மூன்றரைக்கு ஒன்றரை ஆகியிருக்கலாம், ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

சட்டத்தை மாற்றுவதைவிட நடுக்கால் கொடுப்பது எளிது, பலனும் அதிகம். தாங்கலுக்குத் தாங்கல் தூரம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கு இறங்கும். முன்னும் பின்னும் இரண்டிலும் கொடுக்க வேண்டும். முன்னால் மட்டும் கொடுத்தால் முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் தொடர்ந்து தொய்யும், தொட்டி முறுக்கில் மாட்டும்.

தொட்டி நிறைந்திருக்கும்போது கார் ஜாக்கி வைத்துச் சட்டத்தைத் தூக்கி நடுக்கால் சொருகும் யோசனை பலருக்கு வருகிறது. தயவுசெய்து வேண்டாம். ஜாக்கி ஒரே புள்ளியில் தூக்கும், அடிக்கண்ணாடிக்கு அந்தப் புள்ளியைத் தாங்கத் தெரியாது. தொட்டியை இறக்கிவிட்டு, சட்டம் நூலுக்கு நேராக வந்த பிறகு உயரத்தை அளந்து காலை வெட்டுங்கள். கையால் தள்ளினால் உள்ளே போய் நிற்க வேண்டும். அடித்து ஏற்றினால் நடுவில் கூன் விழும். கூனும் தொய்வு அளவுக்கே கெடுதல்.

### காரணம் ஈ: நடுப்பலகை மட்டும் இறங்குகிறது

சட்டங்கள் நேராக இருந்தும், அடியிலிருந்து பார்த்தால் பிளைவுட் வயிறு தள்ளியிருக்கிறதா? உள்ளே குறுக்குச் சட்டம் போதவில்லை. 18 மி.மீ. பிளைவுட்டுக்கு அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் வீதம், 4 அடிக்கு நடுவில் மூன்று வேண்டும்.

### எப்போது தச்சரைக் கூப்பிடுவது

சட்டத்தில் அடிப்பக்கம் நீளவாக்கில் வெடிப்பு, முடிச்சு உள்ள இடத்தில் நார் கிளம்பியிருப்பது, முனையில் மரம் நசுங்கியிருப்பது. மூன்றில் எது இருந்தாலும் அந்தச் சட்டத்தை மாற்றத்தான் வேண்டும். தச்சரிடம் வேலை சொல்லும்போது "மீன் தொட்டி ஸ்டாண்டு" என்று மட்டும் சொல்லாமல் "540 கிலோ நிற்கும்" என்று எடையைச் சொல்லுங்கள். டி.வி. ஸ்டாண்டு கணக்கில் செய்துவிட்டுப் போவதற்கு அதுதான் மருந்து.

## அறிகுறி 4: கேபினட் கதவு இடிக்கிறது, மூட மறுக்கிறது

கதவைச் சீவிச் சரிசெய்துவிடாதீர்கள். ஸ்டாண்டின் நிலையை முதலில் சொல்லுவது கதவுதான். மூடிய கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள்.

- சுற்றிலும் ஒரே அளவில் இறுகியிருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் மரம் பருத்திருக்கிறது. தை பிறந்ததும் தானே விடும்.
- ஒரு மேல் மூலையிலும் அதற்கு எதிர் கீழ் மூலையிலும் இறுகி, மற்ற இரண்டிலும் அகன்றிருந்தால் ஸ்டாண்டு பக்கவாட்டில் சாய்கிறது. அறிகுறி 2.
- இரட்டைக் கதவுகள் சந்திக்கும் நடுவில் மேலே மட்டும் இடிக்கிறது என்றால் முன்சட்டம் தொய்கிறது. அறிகுறி 3.
- கீல் ஸ்குரூ தளர்ந்திருந்தால் கதவைத் தூக்கிப் பார்த்தாலே ஆடும். தீக்குச்சித் துண்டைப் பசையோடு துளையில் சொருகி ஸ்குரூவை மறுபடி ஏற்றினால் முடிந்தது.

## அறிகுறி 5: பலகை உப்பல், கருப்பு, நாற்றம்

எங்கிருந்து ஈரம் வருகிறது என்று தெரியாமல் பலகையை மாற்றினால் அடுத்த ஆண்டும் மாற்றுவீர்கள்.

காய்ந்த துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, தொட்டியின் அடி ஓரத்தைச் சுற்றியும், ஃபில்டர் குழாய் இணைப்புகளுக்குக் கீழேயும், வயர்கள் இறங்கும் இடத்திலும் டிஷ்யூ காகிதத் துண்டுகளை வையுங்கள். இரவு வைத்துக் காலையில் பாருங்கள். எது நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே பிழை.

வயர் இறங்கும் இடத்தில் நனைந்தால் தண்ணீர் வயர் வழியே வடிகிறது. வயரைப் பிளக்குக்கு முன் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். பிளக் போர்டு கேபினட்டின் தரையில் கிடக்கக் கூடாது, உள்சுவரில் உயரே மாட்டுங்கள். அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள்.

ஃபில்டர் இணைப்பில் என்றால் வாஷர், கிளாம்பு. சில்லறைச் செலவு.

பின்பக்கம் மேலிருந்து நனைந்தால் மூடியில் படியும் ஆவி அல்லது ஏர் பம்பின் குமிழ் தெறிப்பு. மூடியை உட்பக்கம் சரியும்படி வையுங்கள்.

தொட்டியின் அடி ஓரத்தில் என்றால் சிலிக்கான் கசிவு. போர் தண்ணீர் விடும் வீடுகளில் கசியும் வழி முழுக்க வெள்ளை உப்புக் கோடாகப் படிந்து, எங்கே தொடங்குகிறது என்று காட்டிவிடும். வெளியிலிருந்து மேலே சிலிக்கான் பூசுவது நிற்காது. தொட்டியைக் காலிசெய்து, பழைய சிலிக்கானை பிளேடால் முழுதாகச் சுரண்டி மறுபடி ஒட்ட வேண்டும். 4 அடித் தொட்டிக்கு இதை நீங்களே செய்யப் பழக வேண்டாம். சென்னையில் கொளத்தூர் போன்ற இடங்களில் தொட்டி ஒட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் விடுங்கள்.

ஈரம் நின்ற பிறகு மரத்தைச் சோதியுங்கள். ஸ்குரூ டிரைவர் முனையைக் கருத்த இடத்தில் அழுத்துங்கள். நகத்தளவு தழும்பு மட்டும் விழுந்தால் காயவிட்டு, தேய்த்து, மூன்று கோட் பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) பூசினால் போதும். முனை உள்ளே இறங்கினால் மரம் இத்துப்போய்விட்டது. சட்டம் என்றால் மாற்றுங்கள், அதன் மேல் வண்ணம் பூசி மறைக்காதீர்கள்.

மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. எடை தாங்கும் எந்த இடத்திலும் அவை இருக்கக் கூடாது. பிளைவுட் வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள்: ஐ.எஸ். 303 சாதாரண வகை, ஐ.எஸ். 710 என்பது கொதிநீரையும் தாங்கும் மரைன் வகை. மேல்பலகைக்கு இரண்டாவதுதான். அதிலும் வெட்டிய ஓரங்களைப் பூசாமல் விட்டால் அங்கேதான் தண்ணீர் ஏறும். தட்டையான பரப்புக்கு இரண்டு கோட் என்றால் ஓரத்துக்கு நான்கு. கால்களின் அடிப்பாகமும் அப்படியே, வீடு கழுவும் தண்ணீரை மரம் அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது.

## அறிகுறி 6: காலடியில் தூள், சுவரில் மண் கோடு

மாவு போன்ற மெல்லிய தூளும் குண்டூசித் துளைகளும் என்றால் வண்டு. மண் குழாய் போலச் சுவரிலிருந்து காலுக்கு ஏறினால் கரையான். சுவரோடு ஒட்டி நிற்கும் பின்கால்களில்தான் தொடங்கும், அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை டார்ச் அடியுங்கள். சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் இரண்டு அங்குலம் விட்டால் பார்ப்பது எளிது.

எச்சரிக்கை: கரையான், கரப்பான் மருந்துகளில் உள்ள சைபர்மெத்ரின், பைஃபென்த்ரின், குளோர்பைரிபாஸ் எல்லாமே மீனுக்குக் கொடிய நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. ஏர் பம்பு அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறக்காதீர்கள். பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிட்டால் தொட்டி இருப்பதை முதலில் சொல்லுங்கள். சுவரில் துளை போட்டு மருந்து இறக்கும் வேலை என்றாலும், மீன்களை வேறு அறைக்கு மாற்றிவிட்டுச் செய்வதே பத்திரம்.

காலைத் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாகக் கேட்டால் தொட்டியை அன்றே இறக்குங்கள். மாற்று மரம் எடுக்கும்போது தேக்கு, வேங்கை, நன்கு விளைந்த வேம்பு நல்லது. ரப்பர் மரமும் மாமரமும் விலை குறைவு, வண்டுக்கும் பிடித்தமானவை.

## அறிகுறி 7: இரவில் சத்தம்

ஏசி ஓடும் அறையில் மரம் சுருங்கி ஒன்றிரண்டு முறை "டிக்" என்பது இயல்பு. தொடர்ந்த உறுமல் என்றால் மோட்டார் அல்லது ஏர் பம்பு மரத்தைத் தொடுகிறது, அடியில் ஸ்பாஞ்ச் வையுங்கள். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரே இடத்தில் "கிறீச்" என்று வந்தால் அங்கே மரமும் மரமும் உரசி நகர்கின்றன. பென்சில் கோடு போட்டுக் கண்காணியுங்கள்.

## அறிகுறி 8: மாடியில் தரை அதிர்கிறது, டைல்ஸ் விரிகிறது

யாராவது நடந்தால் தண்ணீர் நடுங்குகிறது என்றால் ஸ்டாண்டை விட்டுவிட்டுத் தளத்தைப் பாருங்கள். குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டு எடை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. 4×2×2 தொட்டி தான் நிற்கும் முக்கால் சதுர மீட்டரில் 540 கிலோவை இறக்குகிறது. இதனால் தளம் உடனே உடையும் என்று அர்த்தமில்லை, அந்த 200 அறை முழுவதற்குமான கணக்கு. ஆனால் நடு அறையில் வைப்பதற்கும், பீம் ஓடும் சுவரோரம் வைப்பதற்கும் வித்தியாசம் மிகப் பெரியது.

கீழ்வீட்டுக் கூரையில் விரிசல் தெரிந்தாலோ, பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் மரக்கட்டைத் தளத்தில் தொட்டி இருந்தாலோ தண்ணீரை இறக்கிவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். இதைத் தச்சரிடமோ கொத்தனாரிடமோ கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

## சரிசெய்த பிறகு மறுபடி நிரப்புவது

ஸ்டாண்டு காலியாக இருக்கும்போது ரசமட்டம் நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் என்று நான்கு திசையிலும் நிற்க வேண்டும். பசை போட்ட இணைப்புகளுக்கு 24 மணி நேரம் கொடுங்கள். தொட்டியை ஏற்றி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு நான்கு மூலைகளையும் அளந்து, அந்த எண்களைத் தேதியோடு ஸ்டாண்டின் உட்பலகையில் பென்சிலால் எழுதுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மாறாமல் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, மறுபடி ஒரு நாள், பிறகு முழுவதும். மணலும் கல்லும் முதல் கட்டத்திலேயே போய்விடட்டும், இல்லையென்றால் கடைசியில் சேரும் எடை அளவில் வராது. நிறைந்த பின் முதல் மாதம் வாரம் ஒரு அளவு, அதன் பிறகு மழைக்காலத் தொடக்கத்தில் ஒன்று, கோடைத் தொடக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் அதே பலகையில் முந்தைய எண்ணுக்குக் கீழேயே எழுதி வாருங்கள்.